கேள்விக்குறி போட்டு வந்த கடிதம்

நம் எட்டாம் வகுப்பு பி பிரிவு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவளுடைய பழைய இங்கிலீஷ் கிராமர் நோட்டில் ஒரு பக்கம். பழுப்பேறி, ஓரம் அரித்துப்போய், நடுவில் நாலு கட்டம். வாக்கியம் நாலு வகை என்று நாம் எல்லோரும் உருப்போட்டது. அசெர்ட்டிவ், இன்டராகேட்டிவ், இம்பரேட்டிவ், எக்ஸ்க்ளமேட்டரி. செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. உடனே ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மையும் கண்ணீர் விட்டுச் சிரிக்கிற பொம்மையுமாகத் தட்டித் தள்ளிவிட்டீர்கள். ‘முதல் மார்க் வாங்கினவள் மட்டும் வாயைத் திறக்கவில்லையே, முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவளுக்கு மறந்து போச்சா?’ என்று ஒருத்தி சீண்டியும் இருந்தாள்.

மறக்கவில்லை. அந்த நாலு கட்டத்தை நான் எங்கே பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன். கட்டைவிரலால் இவ்வளவு தட்டுவது எனக்கு ஆகாது. காகிதத்தில் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். பாதியில் பூஜை, பேத்தி, சீரியல் என்று எழுந்து போகிறவர்கள் திரும்பி வந்து மிச்சத்தையும் படிக்க வேண்டும்.

அந்த வருஷம்தான் நமக்குப் புது இங்கிலீஷ் டீச்சர் வந்தார். திருச்சிப் பக்கம். வெள்ளை வாயில் துணிச் சேலை, இடது கையில் ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய கைக்கடிகாரம். நம் வகுப்பறை ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் மூன்றாம் பெஞ்சில் ஒழுகும், அந்தப் பெஞ்சுக்காரிகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு நம்மை நெருக்கித் தள்ளுவார்கள். அப்படி மழை பெய்த ஒரு நாள்தான் டீச்சர் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டார். நாலுக்கும் நாலு கலர் சாக்பீஸ். உணர்ச்சி வாக்கியத்துக்குச் சிவப்பு. ‘வாட் எ பியூட்டிஃபுல் ஃபிளவர் இட் இஸ்!’ என்று எழுதி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். ஒருத்தி எழுந்து, ‘அடியாத்தீ, பூவு’ என்றாள். டீச்சருக்கு அடியாத்தீ புரியவில்லை. நமக்குத்தான் டீச்சருக்கு ஏன் புரியவில்லை என்று புரியவில்லை.

அவர் அடிக்கிற டீச்சர் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு நாலு அடி வாங்கிக்கொள்ளலாம். வினா வாக்கியத்துக்கு அவர் சொன்ன விதி சுருக்கமானது. கடைசியில் கேள்விக்குறி இருந்தால் அது கேள்வி. கேள்வி என்றால் அதற்குப் பதில் உண்டு. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், பதில் சொல்வதுதான் மரியாதை. இதை என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்தேன். அந்த மாதப் பரீட்சையில் இருபது வாக்கியத்தைக் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னார். இருபதும் சரியாகப் பிரித்தது நான் ஒருத்திதான்.

எங்கள் வீடு மானகிரியில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நாலு கறவை மாடு. காலையில் கேனைச் சைக்கிளில் கட்டிக் காரைக்குடியில் பத்து வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வருவார். அந்தப் பரீட்சைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஊரைச் சுற்றினார். டீக்கடையில் காட்டினார், சலூனில் காட்டினார். மடிப்பில் தாள் கிழிந்து, பால் பட்டு மஞ்சளாகி, டீச்சர் சிவப்பு மையில் போட்ட மார்க் கலைந்துபோன பிறகுதான் என் கைக்கு வந்தது. வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, என்னைத் தவிர. அப்படித்தான் அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அவள் ஏவுகிற வேலை எல்லாம் கேள்வியாகத்தான் வரும். ‘தண்ணி எடுத்தாச்சா?’ என்றால் குடத்தைத் தூக்கு என்று அர்த்தம். ‘மாட்டுக்குத் தவிடு வச்சாச்சா?’ ‘வாசல்ல கிடக்குறது யாரு கண்ணுக்கும் தெரியலையா?’ அப்பாவிடமும் ‘சாப்பிட வாரீகளா?’ என்றுதான் கேட்பாள். உங்கள் அம்மாக்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். நாம் யாரும் அதைக் கேள்வி என்று நினைத்ததில்லை, எழுந்து போய் வேலையைப் பார்த்தோம்.

முதல் மார்க் வாங்கிய பிறகு எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. வீட்டில் யார் எது பேசினாலும் வகை பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அம்மா அடுப்படியிலிருந்து தண்ணி எடுத்தாச்சா என்று கேட்டாள். எடுக்கவில்லை என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஏன் இன்னும் போகவில்லை என்றாள். நீ கேட்டது வினா வாக்கியம், அதற்குப் பதில் சொல்லிவிட்டேன், எடுத்து வா என்று கட்டளை வாக்கியத்தில் சொன்னால்தான் எழுந்திருக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தேன். முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து சிரித்தார். பிள்ளை சொல்வதில் என்ன தப்பு, இலக்கணப்படி அவள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பரிந்து பேசினார். அம்மா குடத்தை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

இனிமேல்தான் அக்கா கதை. என்னைவிட ஏழு வயது மூத்தவள். பதினோராவது முடித்திருந்தாள். இங்கிலீஷில் முப்பத்தேழு மார்க். அந்த முப்பத்தேழு எங்கள் வீட்டில் அவளுக்கு இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டைப்ரைட்டிங் அவளுக்கு வந்தது. காரைக்குடியில் ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில் மாடியில் ஓர் இன்ஸ்டிடியூட் இருந்தது. படி ஏறும்போதே கடகடவென்று சத்தம் காதை அடைக்கும், மெஷின் எண்ணெய் வாசனை வரும். நான் பள்ளி விட்டு அங்கே போய் அவளுக்காகக் காத்திருப்பேன். பாதி கறுப்பு பாதி சிவப்பாக ரிப்பன். வரி முடிந்ததும் டிங் என்று ஒரு மணி. மாஸ்டர் மரஸ்கேலை மேசையில் தட்டித் தாளம் போடுவார். வீட்டுக்கு வந்தால் அக்கா அரிசி டிரம் மூடி மேல் விரலை வைத்து ஏ எஸ் டி எஃப் என்று அடித்துக்கொண்டே இருப்பாள். லோயர் பாஸ் பண்ணி ஹையரும் எழுதிவிட்டாள். பக்கம் பக்கமாக இங்கிலீஷ் அடிப்பாள், ஒரு தப்பு இருக்காது. ஆனால் அர்த்தம் தெரியாமல்தான் அடிக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவளும் மறுத்துச் சொன்னதில்லை.

அப்பா பால் ஊற்றுகிற வீடுகளில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு ஆச்சிக்கு அப்பாமேல் நம்பிக்கை உண்டு, பாலில் தண்ணீர் இருக்காது. அவர்கள் குடும்பத்து அறக்கட்டளை ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, உன் மகளை எழுதிப் போடச் சொல்லு, நானும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்று ஆச்சி சொல்லியிருந்தார். அக்கா அன்றைக்கே விண்ணப்பம் அடித்துத் தபாலில் போட்டாள்.

இன்னொரு பக்கம் அத்தை வந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை மகனுக்குத் தேவகோட்டைப் பக்கம் உரக்கடை. அக்காவைவிடப் பன்னிரண்டு வயது கூட. அக்காவைத்தான் கட்டுவது என்று முன்னமே பேச்சு. தையில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை நாள் குறிக்க நின்றாள். அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த ஒரு தடவை மட்டும் அப்பா எதிரில் வந்து நின்று, வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் கழித்துக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அப்பா யோசித்தார். வேலை கிடைத்தால் ரெண்டு வருஷம் பொறுப்போம், கிடைக்காவிட்டால் தைதான் என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தைக்கு அதில் வருத்தமில்லை, பால்காரன் மகளுக்கு யார் ஆபீஸ் வேலை தரப் போகிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. அக்கா அந்த ஐப்பசி முழுக்கத் தபால்காரர் சைக்கிள் பெல்லுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. கெட்டி வெள்ளைக் காகிதம். மேலே நீலத்தில் அறக்கட்டளை பெயர், கீழே மேனேஜர் கையெழுத்து. அக்கா பெயருக்கு வந்த கடிதம். அவள் அதைத் தபால்காரரிடம் வாங்கி, பிரித்து, ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். வாயைத் திறக்கும் முன்னே அப்பா அதை வாங்கி என்னிடம் நீட்டினார். ஒரே வரிதான் இருந்தது. இன்றைக்கும் எழுத்துத் தவறாமல் சொல்வேன். ‘குட் யூ கைண்ட்லி பி பிரசன்ட் அட் அவர் ஆபீஸ் ஆன் வெட்னஸ்டே அட் டென் ஏ.எம். வித் யுவர் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ்?’

கடைசியில் கேள்விக்குறி. நான் விரலை அதன்மேல் வைத்தேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சர்ட்டிஃபிகேட்டோடு தயவுசெய்து உங்களால் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள் என்று படித்துச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இது வினா வாக்கியம், இதற்கு நாம் முதலில் பதில் எழுத வேண்டும், பதில் போன பிறகு வரச் சொல்லி அவர்கள் கட்டளை வாக்கியத்தில் எழுதுவார்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

அம்மா உலையை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பினாள்.

“அது கேள்வி இல்லைத்தா. வரச் சொல்றாக.”

உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றார் அப்பா. தெரியாது என்றாள். தெரியாதென்றால் சும்மா இரு என்றார். அம்மா விடவில்லை. பெரிய மனுசங்க வா என்று மொட்டையாகவா எழுதுவார்கள், வர முடியுமா என்றுதான் கேட்பார்கள், புதன்கிழமை பத்து மணி என்று நேரம் வேறு போட்டிருக்கிறது, அப்புறம் என்ன என்றாள்.

இதில் அப்பாவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அதை உங்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். அந்த வருஷம் எங்கள் பங்காளி வீட்டில் காதுகுத்து. நம் பக்கத்து வழக்கம் தெரியும், வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். அந்தப் பங்காளி அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்து, முடிஞ்சா வந்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார். அப்பா போகவில்லை. முடியுமா முடியாதா என்று கேட்பது அழைப்பு இல்லை, அப்படிக் கேட்டதை நம்பி ஒருத்தர் வீட்டுக்குப் போய் நிற்பவன் மானங்கெட்டவன் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் கையில் இந்தக் கடிதம். முறையாகக் கூப்பிடாமல் அந்தப் பெரிய வீட்டு ஆபீஸ் வாசலில் தன் மகள் போய் நிற்பதா? என் இலக்கணமும் அவர் மானமும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. கடைசியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீ சொல்லுத்தா. இது கேள்வியா, வரச் சொல்றாகளா?”

“கேள்விதான்ப்பா” என்றேன்.

ஆச்சியிடம் கேட்கலாம் என்றால் அவர் மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். பால் ஊற்றிவிட்டு வரும்போது அந்த ஆபீசில் ஒரு எட்டு வைத்துக் கேட்டுவிட்டு வாருங்களேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா தன்னுடைய நனைந்த பனியனையும் சைக்கிள் கேனையும் பார்த்தார். அந்தக் கோலத்தில் மகள் வேலைக்காகப் போய் நிற்க அவருக்கு வெட்கம். அதை அவர் வெளியில் சொல்லவில்லை, மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்று எழுந்துவிட்டார். எனக்கு இப்போதுதான் அது புரிகிறது.

பதிலை நான் எழுதினேன். நாலு தடவை அடித்து எழுதி, கடைசியில் இப்படி வந்தது. ‘யெஸ் சார், ஐ குட் கைண்ட்லி பி பிரசன்ட்.’ கேட்ட சொற்களிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்தது. தயவுசெய்து நான் வரக்கூடும் ஐயா. இங்கிலீஷ் டீச்சராக ஆன பிறகு இந்த வரியை நினைத்து நடு வகுப்பில் எனக்குக் காது சுட்டிருக்கிறது. அக்கா அதைத் திங்கட்கிழமை காலை இன்ஸ்டிடியூட்டில் அடித்தாள். மார்ஜின், தேதி, கையெழுத்துக்கு இடம் எல்லாம் அத்தனை அழகு. பார்க்க ஒரு வக்கீல் ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. அன்றைக்கே பெட்டியில் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முந்தின பீரியட். உங்களில் சிலருக்காவது இது நினைவிருக்கும். டீச்சர் வந்ததும் ஜன்னல் பக்கம் இருந்த ஒருத்தியைப் பார்த்து, ‘குட் யூ ஓப்பன் த விண்டோ?’ என்றார். அவள் எழுந்து, ‘யெஸ் டீச்சர்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது யார் என்று நான் சொல்ல மாட்டேன், இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அப்புறம் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, சில வாக்கியங்கள் பார்க்கக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை, மரியாதையாகச் சொல்கிற கட்டளை, குட் யூ, வுட் யூ என்று வந்தால் பதில் சொல்லிக்கொண்டு உட்காராதே, எழுந்து போய்ச் செய் என்றார். போன பாடத்தில் இதைச் சொல்ல நேரமில்லாமல் போச்சு என்று ஒரு வார்த்தையும் சொன்னார்.

நீங்கள் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அந்தக் கடித வரியை நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி. புதன்கிழமை பத்து மணிக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுசாக இருந்தது. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பக்கத்து வீட்டு மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா அவரிடம் கடிதக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்காத மனுசி பேச்சைக் கேட்டிருந்தால் கூப்பிடாத இடத்தில் போய் நின்றிருப்போம், சின்னவள் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிட்டாள் என்றார். மாமா என்னைக் கூப்பிட்டுக் கலெக்டராகத்தான் வரப் போகிறாய் என்றார். அம்மா கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கால் கழுவப் போனேன்.

சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அம்மா முன்னால் தோற்றுப்போவதற்கு எனக்கு மனசு வரவில்லை, வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பதில் போயிருக்கிறதே, அதைப் பார்த்து வேறொரு புதன்கிழமை கூப்பிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிமூன்று வயசுப் பிள்ளைதானே என்று நீங்கள் சமாதானம் எழுதுவீர்கள். வேண்டாம். பதிமூன்று வயசுக்கு எல்லாம் தெரியும்.

மறு வாரம் ஆச்சி ஊரிலிருந்து வந்துவிட்டார். அப்பா பால் அளக்கும்போது, ஏம்ப்பா ஒம் மகளை அனுப்பலை, மேனேஜர் பன்னெண்டு மணி வரைக்கும் பாத்திருக்காக என்று கேட்டாராம். மேனேஜர் ரங்கூனில் வெள்ளைக்காரக் கம்பெனியில் இருந்தவர், அவர் யாரையும் வா போ என்று எழுத மாட்டாராம். எங்கள் பதில் புதன்கிழமை பகல் தபாலில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குள் பக்கத்து ஊரான கல்லலிலிருந்து வந்த ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். டைப் அடித்திருந்த சுத்தத்தைப் பார்த்து, இந்தப் பிள்ளை வந்திருக்கலாமே என்று மேனேஜர் சொன்னாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. அம்மாவைத் திட்டினார். அவ்வளவு தெரிந்தவள் அன்றைக்கே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா, எப்போதும் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதே வழக்கமாகப் போச்சு என்று சத்தம் போட்டார். ஊரில் கேட்டவர்களிடம், அவுக ஆளை வச்சுக்கிட்டுத்தான் கடுதாசி போட்டாக என்று சொல்லி முடித்துக்கொண்டார். எனக்கு அந்த மனுஷன்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் கோபப்பட எனக்கு ஏது வாய்? தையில் அக்கா கல்யாணம் நடந்தது. நீங்களும் நாலைந்து பேர் வந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டீர்கள். அவள் இன்ஸ்டிடியூட்டில் அடித்த தாள்களை அம்மா அடுக்குப் பலகையில் விரித்து அதன்மேல் டப்பாக்களை வைத்தாள். பருப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் டியர் சார், டியர் சார் என்று கண்ணில் படும். பிறகு எப்போதோ கரையான் வந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம்.

நான் படித்தேன், பி.எட். முடித்தேன், வாத்தியார் வேலைக்குப் போனேன். என் வகுப்பில் நாலு கட்டத்துக்கும் முன்னால், கேள்விக்குறி போட்ட கட்டளையைத்தான் முதலில் நடத்துவேன். பாடத்திட்டத்தில் அது கடைசியில் இருக்கிறது, ஏன் வரிசையை மாற்றுகிறீர்கள் என்று ஒரு தலைமை ஆசிரியை என்னிடம் விளக்கம் கேட்டார். எனக்கு அப்படித்தான் வரும் என்றேன். அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. நீ சொன்னதுதான் சரி என்று அவளிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

நோட்டுப் படம் வந்த மறுநாள் நான் பஸ் ஏறித் தேவகோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு எழுபத்தொன்று ஆகிறது. அத்தான் நல்ல மனுஷன், இல்லையென்று சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். உரக்கடையை இப்போது மகன் பார்க்கிறான். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், டீச்சர் வகுப்பில் சொன்னார், வந்து சொல்லாமல் மறைத்தேன் என்று தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தேன். ஐம்பது வருஷமாக வைத்திருந்தது. சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“தெரியும்டி. அன்னைக்கு நீ சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருந்த” என்றாள்.

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் உருவுவதை நிறுத்தவில்லை. தனக்கும் அந்தச் சனிக்கிழமையே தெரியும் என்றாள். இன்ஸ்டிடியூட்டில் ஹையருக்கு அடிக்கிற கடிதங்களில் பாதி குட் யூ கைண்ட்லி என்றுதான் ஆரம்பிக்குமாம். சரக்கை அனுப்பு, பணத்தைக் கட்டு, வந்து பார் என்பதைத்தான் அப்படி எழுதுவார்கள் என்று மாஸ்டர் அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீ எழுதிக்கொடுத்த பதிலையும் தப்பு என்று தெரிந்தேதான் அடித்தேன் என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“கடுதாசி எம் பேருக்கு வந்துச்சு. அப்பா உன்னக் கேட்டாக. அம்மா தானா சொல்லிச்சு. நீயும் சொன்ன. என்னைய ஒருத்தரும் கேக்கலையேடி. அம்மா சொன்னதுக்கே அந்த மரியாதை. முப்பத்தேழு மார்க் வாங்குனவ சொன்னா கேப்பாகளா? யாராச்சும் ஒருத்தர், நீ போறியான்னு கேட்டாப் போதும், கிளம்பிருவோம்னு இருந்தேன்.”

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் நீலச் சேலை கட்டித் தலை சீவி உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, போயிட்டு வாரேன்க்கா என்று சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனேன்.

“நெசமாவே போயிருப்பியாக்கா?” என்றேன்.

“சர்ட்டிபிகேட் பைக்குள்ள இருந்துச்சு. பஸ்ஸுக்குச் சில்லறைகூடக் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தேன். சாயந்தரம் நீ பள்ளிக்கூடத்துலருந்து வந்து, கண்ணாடி வளையல் வாங்கணும், காசு இருக்கான்னு கேட்ட. அவுத்து உன் கையிலதான் கொடுத்தேன்.”

நான் கேட்டேன். வாங்கிக்கொண்டும் போனேன். பச்சை வளையல்.